ஆர்டிஐ மனுவில் கேட்ட சாலைக் கணக்கைத் தர மறுத்துவிட்டார்கள், மேல்முறையீட்டில் என்ன எழுதுவது?

கிழக்குத்தெரு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊருக்குள் வரும் ஒன்றியச் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பள்ளி வேன் திரும்பும் வளைவில் ஜல்லி முழுக்கப் பெயர்ந்து, வண்டியில் வருகிறவர்கள் சறுக்கி விழுகிறார்கள். கிராம சபையில் கேட்டோம், ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். அதனால் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி மனு அனுப்பினேன். கேட்டவை:

1. சாலை ஏன் இவ்வளவு சீக்கிரம் பெயர்ந்தது?
2. மதிப்பீட்டின் நகல்
3. எம்-புக் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்) நகல்
4. ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பில் நகல்
5. தரச் சோதனை அறிக்கை

போன வாரம் பதில் வந்தது. முதல் கேள்விக்கு "வினா வடிவில் உள்ளதால் தகவல் என்ற வரையறைக்குள் வராது". 2 முதல் 4 வரை "மூன்றாம் நபர் தொடர்புடையது, பிரிவு 8(1)(டி) மற்றும் 8(1)(ஜே) படி வழங்க இயலாது". ஐந்தாவதுக்கு "கோப்பு தணிக்கையில் உள்ளது". யாரிடம் மேல்முறையீடு செய்வது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இதற்கு மேல் என்ன செய்யலாம்? நேரே சென்னைக்குத் தகவல் ஆணையத்துக்கு எழுதிவிடலாமா? எழுதிப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

தம்பி, அவசரப்பட்டு ஆணையத்துக்கு எழுத வேண்டாம். முதல் மேல்முறையீடு செய்யாமல் போனால் அங்கே இரண்டாம் மேல்முறையீடு நிற்காது. பதில் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போக வேண்டும், சட்டத்தின் பிரிவு 19(1). அதே துறையில் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள ஒருவர்தான் மேல்முறையீட்டு அலுவலர். பெயர் தெரிய வேண்டியதில்லை. "மேல்முறையீட்டு அலுவலர், தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005" என்று எழுதி, அலுவலக முகவரி போட்டால் போதும். தமிழ்நாட்டில் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது.

மறுக்கும்போது காரணம், மேல்முறையீட்டுக் காலக்கெடு, மேல்முறையீட்டு அலுவலர் விவரம் மூன்றையும் சொல்லியாக வேண்டும் என்கிறது பிரிவு 7(8). உங்களுக்கு வந்த கடிதத்தில் கடைசி இரண்டும் இல்லை. மனுவின் முதல் பத்தியிலேயே இதைப் பதிவு செய்யுங்கள்.

இப்போது ஒவ்வொரு மறுப்பாகப் பார்ப்போம்.

முதல் கேள்வியைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாக இருப்பதைத்தான் சட்டம் தரச் சொல்கிறது. புதிதாக விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த "ஏன்" கேள்வியை மேல்முறையீட்டில் இழுக்க வேண்டாம். தனியாகப் புது மனுப் போட்டு, "இச்சாலையை வேலை நடந்தபோதும் முடிந்த பின்னும் பார்வையிட்ட பொறியாளர்களின் ஆய்வுக் குறிப்புகள், சாலை பழுதானது குறித்து வந்த புகார்கள், அவற்றின் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல்" என்று கேளுங்கள். ஏன் பெயர்ந்தது என்பதற்கான பதில் அந்தத் தாள்களில்தான் இருக்கும்.

2, 3, 4 பற்றிச் சொன்னதுதான் வேதனையானது. மதிப்பீடு அரசுப் பொறியாளர் போட்டது. எம்-புக் என்பது எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு கனம் என்று அரசு ஊழியர் அளந்து எழுதிய புத்தகம். அந்த அளவை வைத்துத்தான் பில் போடுகிறார்கள், பணம் கருவூலத்திலிருந்து போகிறது. இதில் எது மூன்றாம் நபரின் ரகசியம்? 8(1)(டி) வணிக ரகசியம் பற்றியது. வெளியிட்டால் அந்த நபரின் தொழில் போட்டி நிலை பாதிக்கப்படும் என்று காட்ட வேண்டும். வேலையும் முடிந்து பணமும் வாங்கிய பிறகு அங்கே என்ன போட்டி மிச்சம்? ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்காக 1998-லேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. தகவல் உரிமைக்கு நாட்டிலேயே முதலில் சட்டம் இயற்றியதும் நாம்தான், 1997-இல். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தார்ச் சாலையின் அளவை மறைக்கிறார்கள் என்பதைப் படிக்கவே மனம் கசக்கிறது.

மூன்றாம் நபர் தகவல் என்று உண்மையிலேயே கருதினால் பிரிவு 11 படி ஐந்து நாளுக்குள் அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, கருத்துச் சொல்லப் பத்து நாள் தந்திருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னாலும் முடிவு தகவல் அலுவலருடையதுதான். "பிரிவு 11 படி நோட்டீஸ் அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில்?" என்று மேல்முறையீட்டில் கேளுங்கள்.

தணிக்கை என்பது மறுப்புக்குக் காரணமே இல்லை. எதை மறுக்கலாம் என்பது 8, 9 ஆகிய இரண்டு பிரிவுகளில்தான் இருக்கிறது. அதில் தணிக்கை என்ற காரணம் வரவில்லை. கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தால் வரவழைத்து நகல் எடுத்துத் தரட்டும்.

மனுவில் இப்படி ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்:

"பிரிவு 19(5) படி, தகவலை மறுத்தது சரிதான் என்று நிறுவும் பொறுப்பு பொதுத் தகவல் அலுவலரையே சாரும். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டாரே தவிர, அது இந்த ஆவணங்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்று அவர் விளக்கவில்லை. ஏதேனும் ஒரு பகுதி விலக்குக்கு உரியது என்றால், பிரிவு 10 படி அப்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியை வழங்க உத்தரவிட வேண்டுகிறேன்."

மனு, பதில் இரண்டின் நகலையும் இணைத்து, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

கரிசல்காடு

ஐயா சொன்னதோடு ஒன்று. நகல் மட்டும்தான் கேட்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரிவு 2(ஜே) படி கோப்பை நேரில் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், நடந்த வேலையையே பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியும் கேட்கலாம். சாலை விஷயத்தில் இது பெரிய ஆயுதம். கோப்பைப் பார்க்க முதல் ஒரு மணி நேரம் இலவசம். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்தான். எங்கள் பக்கத்தில் குடிநீர்த் தொட்டி வேலைக்கு முதலில் கோப்பைப் பார்த்துவிட்டு, தேவையான பக்கங்களை மட்டும் நகல் கேட்டோம். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கிறது, பணம் கட்டுங்கள் என்று பயமுறுத்த வழியில்லாமல் போனது.

கிழக்குத்தெரு

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணா. மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இடையில் ஒரு கவலை. ஒப்பந்ததாரர் தரப்பில் ஒருவர் வீட்டுக்கே வந்து, எதற்கு இந்த வேலை, எதற்குக் கேட்கிறாய் என்று அப்பாவிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். மிரட்டல் என்று சொல்ல முடியாது. ஆனால் அம்மா பயந்துவிட்டார். நான் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? அப்புறம், தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜே)-வைத் திருத்திவிட்டார்கள், இனி யார் பெயர் இருந்தாலும் தர மாட்டார்கள் என்கிறார்களே?

வழக்காடும் அக்கா

தம்பி, முதலில் வீட்டு விஷயம். வந்தவர் யார், எந்தத் தேதி, என்ன பேசினார் என்று இன்றே எழுதி வையுங்கள். மறுபடி வந்தால் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தனியாக இதைச் சுமக்க வேண்டாம். ஊரில் இன்னும் இரண்டு மூன்று பேர் அதே ஆவணங்களைத் தங்கள் பெயரில் கேட்டால் ஒரே வீட்டைக் குறிவைக்க முடியாது.

காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. பிரிவு 6(2) தெளிவாக இருக்கிறது: எதற்காக என்று கேட்கக் கூடாது, தொடர்புகொள்ளத் தேவையானது தவிர வேறு சொந்த விவரமும் கேட்கக் கூடாது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டு, சில நாட்களில் தானாகவே அந்தப் பகுதியை நீக்கியது. இனி அனுப்பும் மனுக்களுக்கு வீட்டு முகவரி தரத் தயக்கமாக இருந்தால் தபால் பெட்டி எண் போதும் என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னதும் இருக்கிறது.

திருத்தம் உண்மைதான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 மூலம் 8(1)(ஜே)-வை மாற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முன்பு பொதுப் பணியோடு தொடர்பில்லாத, அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலைத்தான் மறுக்கலாம் என்று இருந்தது. இப்போது "தனிநபர் தகவல்" என்ற அளவில் சுருக்கிவிட்டார்கள். தகவல் உரிமைச் சட்டம் பிறந்ததே ராஜஸ்தான் கிராமங்களில் கூலிப் பட்டியலையும் பில்லையும் காட்டு என்று மக்கள் நின்றதால்தான். அந்தப் பட்டியலில் இருந்தவையும் பெயர்கள்தாம். அதனால் இந்தத் திருத்தம் எனக்கு ஆழ்ந்த கவலை தருகிறது.

ஆனாலும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. வெளியிடுவதில் உள்ள பொதுநலன், அதனால் வரும் கேட்டைவிடப் பெரிது என்றால் விலக்குக்குரிய தகவலையும் தரலாம். பள்ளி வேன் போகும் சாலை, விபத்துகள், செலவானது பொதுப் பணம் என்பதை எழுதி 8(2)-ஐக் குறிப்பிடுங்கள். காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. இங்கே நமக்குப் பயன்படுவதால் நாமாகச் சொல்கிறோம். எம்-புக்கிலும் மதிப்பீட்டிலும் இருப்பது அளவும் தொகையும். அதைத் தனிநபர் தகவல் என்று எப்படி நீட்டினாலும் பொருந்தாது.

இன்னொன்று. பலர் கோபத்தில் பிரிவு 18-இல் புகார் எழுதிவிடுகிறார்கள். மணிப்பூர் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, 18-இன் கீழ் ஆணையம் தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. அது தண்டம் விதிப்பதற்கான வழி. உங்களுக்குத் தாள் வேண்டும், ஆகவே 19-தான். அதிலேயே பிரிவு 20 தண்டத்தையும் கேட்டுக்கொள்ளலாம்: நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000.

முதல் மேல்முறையீட்டை 30 நாளில் முடிக்க வேண்டும், காரணத்தைப் பதிவு செய்தால் 45 நாள் வரை போகலாம். அதற்கும் பதில் இல்லை, அல்லது அதிலும் மறுப்பு என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. அங்கே முடிவு சொல்லச் சட்டத்தில் காலக்கெடு இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும். அதனால்தான் முதல் மேல்முறையீட்டையே நன்றாக எழுதச் சொல்கிறேன்.

கிழக்குத்தெரு

விசாரணைக்கு அழைத்திருந்தார்கள், போய் வந்தேன். மேல்முறையீட்டு அலுவலர் பிரிவு 19(5) பத்தியைத் தகவல் அலுவலரிடம் காட்டி விளக்கம் கேட்டார், அவர் பதில் சொல்லவில்லை. மதிப்பீடு, எம்-புக், பில் மூன்றையும் தர உத்தரவாகி, நகல் கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்கும் அதன் பிறகு யாரும் வரவில்லை. ஆனால் தரச் சோதனை அறிக்கைக்கு மட்டும் "அலுவலகத்தில் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு இரண்டாம் மேல்முறையீடு போகலாமா?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

நல்ல செய்தி தம்பி. போகலாம், 90 நாள் இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு புது மனு. "இல்லை" என்றால் சோதனையே நடக்கவில்லையா, நடந்து கோப்பு காணவில்லையா என்பது தெரிய வேண்டும். "இப்பணிக்குத் தரச் சோதனை செய்யச் சொல்லும் நிபந்தனையின் நகல், மாதிரி எடுத்ததற்கான பதிவேட்டுப் பக்கம்" என்று கேளுங்கள். சோதனை இல்லாமலே பில் பாஸாகியிருந்தால் அந்த "இல்லை" என்ற கடிதமே உங்கள் கையில் உள்ள சான்று. எம்-புக்கோடு சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுக்கலாம்.

அதோடு ஒப்பந்த ஆவணத்தின் நகலையும் கேளுங்கள். வேலை முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் பழுதானால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று வழக்கமாக அதில் ஒரு ஷரத்து இருக்கும். அந்தக் காலம் இன்னும் முடியாமல் இருந்தால், கணக்கு வழக்கு ஒருபக்கம் நடக்கட்டும், அந்த வளைவை உடனே சரிசெய்யச் சொல்லி ஒன்றியப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவும் பதிவு செய்யுங்கள்.