கார்ட்லேண்டின் சோபாவா, ஹேயரின் குறிப்பேடா? காதல் நாவல் உருவாகும் முறை பற்றி ஒரு விவாதம்

செங்காந்தள்:
ஆங்கிலக் காதல் நாவலாசிரியர் பார்பரா கார்ட்லேண்ட் 700க்கும் மேற்பட்ட நூல்களை எழுதியவர். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருந்த தம் மாளிகையில், பிற்பகல்களில் சோபாவில் சாய்ந்தபடி அவர் கதை சொல்லச் சொல்ல, செயலாளர் எழுதிக்கொள்வார். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ஒரு நாவல் முடிந்துவிடும். 2000இல், 98 வயதில் அவர் இறந்தபோது அச்சேறாத கதைகளே 160 இருந்தன. இந்த வேகத்தைப் படைப்பாற்றலின் உச்சமாகப் போற்றுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே இங்கிலாந்தில், அதே ரீஜென்சி காலத்து (19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள்) காதலை எழுதிய ஜார்ஜெட் ஹேயர், உடை, தொப்பி, கடை, விலைவாசி என்று தலைப்பு வாரியாகக் குறிப்பேடுகள் வைத்திருந்தார்; குறிப்பிட்ட ஓர் ஆண்டில் மெழுகுவத்தி என்ன விலைக்கு விற்றது என்பதுகூட அவற்றில் உண்டு. எழுத்தாளரின் உழைப்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

வைகைக்கரையான்:
செங்காந்தள் அவர்களே, வாயால் சொல்லி எழுதுவித்தால் உழைப்பில்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஒவ்வொரு நாவலுக்கும் முன்பு இருபதுக்கும் மேற்பட்ட வரலாற்று நூல்களைப் படிப்பதாகக் கார்ட்லேண்ட் கூறிவந்தார். அவருடைய பத்திகள் பெரும்பாலும் ஓரிரு வாக்கியங்களில் முடிவதைக் குறையாகச் சொல்வார்கள். நாள் முழுதும் உழைத்துக் களைத்து, இரவில் அரைமணி நேரம் படிக்கும் பெண்ணுக்கு அந்தச் சிறு பத்திகளே ஏற்றவை என்பது என் எண்ணம். மேலும், நோயுற்றிருந்த தம்பியை மகிழ்விப்பதற்காக ஹேயர் 17 வயதில் புனைந்த கதைதான் 1921இல் அவருடைய முதல் நாவலாக வெளிவந்தது. எதிரில் கேட்பவர் ஒருவர் இருக்கக் கதை சொல்லும் மரபை அவரிடமிருந்து பிரிக்க முடியாது.

செங்காந்தள்:
தம்பிக்காகப் பிறந்த கதை என்பது உண்மை. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. உணவு, செல்ல விளிப்புகள், மரியாதைச் சொற்கள் என்று அக்காலத்து வழக்குகளைத் தனி ஏடுகளில் சேர்த்தார். இறக்கும்போது அவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரலாற்று நூல்கள் இருந்தன. அந்தச் சேகரம் பயன்பட்ட இடம் உரையாடல். அவருடைய நாயகியும் நாயகனும் ஒருவரையொருவர் மடக்கிப் பேசும் பேச்சிலேயே காதல் வளர்கிறது. யார் யாரை எப்படி விளிக்கலாம் என்ற கட்டுப்பாடு துல்லியமாகத் தெரிந்தால்தான், அதை ஒருவர் மீறும்போது வாசகருக்கு உள்ளம் துள்ளும். வாயால் சொல்லி எழுதப்பட்ட கார்ட்லேண்டின் நாவல்களில் பேச்சு விறைத்து நிற்பதையும், மேசையில் எழுதப்பட்ட ஹேயரின் நாவல்களில் அது உயிரோடு ஓடுவதையும் ஒரே வாரத்தில் இருவரையும் படிப்பவர் உணரலாம்.

நிலாமுற்றம்:
இருவரும் பணத்தை மறந்துவிட்டீர்கள். 1930களில் ஹேயர் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு காதல் நாவலும் ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார். தம் பெரும்படைப்பாக அமைய வேண்டும் என்று விரும்பிய இடைக்கால வரலாற்று நாவலை, வருமான வரி கட்டுவதற்காக மீண்டும் மீண்டும் ஒதுக்கிவைத்துவிட்டுக் காதல் கதைக்குத் திரும்பினார். 1974இல் அவர் இறந்தபோதும் அது முடியவில்லை. அந்த இழப்பு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

வைகைக்கரையான்:
அப்படியானால் ஹேயரும் அவசரத்தில் எழுதியவரே. பின்பு கார்ட்லேண்டின் வேகத்தை மட்டும் ஏன் குற்றமாக்க வேண்டும்?

செங்காந்தள்:
அவசரம் இருவருக்கும் பொது என்பதை ஏற்கிறேன். வரி கட்ட வேண்டிய நெருக்கடியிலும் ஹேயரின் உரையாடல் தரம் தாழாமல் இருந்ததற்குக் காரணம், பல ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே. கார்ட்லேண்டின் உரையாடல்களில் அதற்கு இணையான ஒரு காட்சியை நீங்கள் எடுத்துக் காட்டினால், அதை வைத்தே மேலும் பேசுவோம்.