புதுப்பிப்பு: குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு

குடல் புற்றுநோய் பற்றிய முந்தைய பதிவு அறுவை முறைகளோடு நின்றுவிட்டது. "கட்டியை எடுத்தாச்சு, அப்புறம்?" என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

முதல் பெரிய ஆபத்து, கட்டியுள்ள பகுதியை எடுத்தபின் குடலின் முனைகளை இணைத்த இடம் கசிவது. பெரும்பாலும் 3 முதல் 7-ஆம் நாளுக்குள் தெரியும். வீடு திரும்பிய பிறகும் வரலாம். நாடித்துடிப்பு காரணமின்றி 100-ஐத் தாண்டுவது, காய்ச்சல், வயிறு உப்பி வலி கூடுவது, திரும்பிய பசி மறுபடி நின்றுபோவது: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 3, 4-ஆம் நாளிலும் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேலேயே நின்றால் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆசனவாய்க்கு அருகில் இணைப்பு இருந்தால் கசியும் வாய்ப்பு அதிகம். தற்காலிக ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பு) வைப்பது அதனால்தான்.

அறுவையில் எடுத்த பகுதியின் பயாப்ஸி அறிக்கையில் நிணநீர் முடிச்சுகளின் எண்ணிக்கையை அவசியம் பாருங்கள். குறைந்தது 12 பரிசோதித்திருக்க வேண்டும். குறைந்தால் 'பரவவில்லை' என்பதை முழுதாக நம்ப முடியாது, மருத்துவரிடம் கேளுங்கள். (முன்பே கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு எண்ணிக்கை குறைவது இயல்பு.) ஒரு முடிச்சில் புற்றுநோய் இருந்தாலும் குறைந்தது 3-ஆம் நிலை, கீமோவை 8 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளில். சிஇஏ (நோய் திரும்புவதைக் காட்டக்கூடிய இரத்தப் பரிசோதனை) 3–6 மாதத்துக்கு ஒருமுறை, கொலோனோஸ்கோபி (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) ஓராண்டில். அடைப்பால் முழுக்குடலையும் முன்பு பார்க்க முடியாதிருந்தால் 3–6 மாதத்திலேயே.