‘மூர்க்கம்’ வேண்டாமே: சீறு தாக்குமை, பதுங்கு தாக்குமை

அனைவருக்கும் வணக்கம்.

உளவியலில் ‘அக்ரெஷன்’ (aggression) என்று சொல்லும், பிறரைத் தாக்கும் நடத்தைக்குத் தமிழில் ‘மூர்க்கம்’ என்று வைக்கலாம் என இங்கே ஒருவர் முன்வைத்ததைப் படித்தேன். செறிவான சொல்தான். ஆனால் ‘மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருத்த முடியாதவன் என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டிசம் உள்ள ஆறு வயதுப் பிள்ளை மிக்சி சத்தம் தாங்காமல் அம்மாவின் கையைக் கடித்துவிடுகிறது என்று வையுங்கள். அந்த அம்மா படிக்கப்போகும் அறிக்கையில் ‘மூர்க்கம்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘வன்முறை’ காவல் நிலையம் வரை போகும் சொல். ‘ஆக்கிரமிப்பு’ என்றால் நமக்கு ஏரியையும் நடைபாதையையும் வளைத்துப்போடுவது.

என் பரிந்துரை ‘தாக்குமை’. பொறு, பொறுமை என்பதுபோல. தாக்கும் இயல்பு, அவ்வளவுதான். பழி எதுவும் அதில் ஒட்டவில்லை.

சரி, இந்த ஒரு சொல் போதுமா? போதாது. சூரிச்சில் வால்டர் ஹெஸ் (1949இல் நோபல் பரிசு பெற்றவர்) பூனையின் ஹைபோதலாமஸில் (மூளையின் அடிப்பகுதியில் உள்ள சிறு பகுதி) மெல்லிய கம்பி வழியாக மின்சாரம் செலுத்தினார். பூனை மயிர் சிலிர்த்துச் சீறியது. 1960களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிளின் குழுவினர் அதே ஹைபோதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியைத் தூண்டினார்கள். இந்த முறை சீறல் இல்லை. பூனை சத்தமே இல்லாமல் எலியை நெருங்கிக் கடித்தது. இரண்டும் தாக்குதல்தான், ஆனால் மூளையில் வழி வேறு.

அதனால்தான் முதல் வகையைச் சீறு தாக்குமை, இரண்டாவதைப் பதுங்கு தாக்குமை என்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. இடையில் ஒற்று மிகாது.

மனிதர்களிடம் இவை இவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை, ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். ஆனாலும் பிரிவு பயன்படுகிறது. உணர்ச்சிகள் சட்டென்று கொந்தளிக்கும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறில் (borderline personality disorder) பெரும்பாலும் காண்பது சீறு தாக்குமை. முகபாவங்களைக் காட்டிச் செய்த பல ஆய்வுகளில் இவர்களின் அமிக்டலா (மூளையில் பயத்தையும் ஆபத்தையும் உணரும் பகுதி) அளவுக்கு மீறித் துடித்தது. அதை அடக்கவேண்டிய முன்நெற்றிப் புறணியின் (நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி) பிடியும் தளர்ந்திருந்தது. பிறர் வலி உறைக்காத, குற்ற உணர்வில்லாத ஆளுமையான சைக்கோபதியில் நேர்மாறு. பயந்த முகத்தைக் கண்டும் அமிக்டலா மந்தமாகவே இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பதுங்கு தாக்குமை இவர்களிடம்தான் அதிகம். முதலில் நான் சொன்ன, அம்மாவைக் கடித்த பிள்ளையிடம் இருப்பது சீறு தாக்குமை; அதற்கு வேண்டியது மிக்சியை நிறுத்துவது, எங்காவது வலிக்கிறதா என்று பார்ப்பது. கண்டிப்பு அங்கே உதவாது.

ஒரு தயக்கமும் உண்டு. ‘பதுங்கு’ என்றதும் ஈழத்து நண்பர்களுக்குப் பதுங்கு குழி நினைவுக்கு வரும். அங்கே பதுங்கியது உயிர் தப்ப. அது உறுத்தினால் குறிவைத்துத் தாக்குவது என்ற பொருளில் ‘குறி தாக்குமை’ என்று மாற்றிக்கொள்ள நான் தயார்.

அப்புறம், தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளை? அமெரிக்காவில் 2006இல் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு ரிஸ்பெரிடோன் என்ற மருந்து அனுமதிக்கப்பட்டபோது, பிறரைத் தாக்குவதையும் தன்னைக் காயப்படுத்துவதையும் ‘எரிச்சல்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்தார்கள். நாமும் சேர்த்தே வைப்பதா, ‘தன்தாக்குமை’ என்று பிரிப்பதா? பிரிக்கலாம் என்பது என் எண்ணம். சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் யாராவது இருந்தால் வகுப்பில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.