மொசைக் தரையில் உப்புக்கறை: ஆசிட் இல்லாமல் எப்படிப் போக்குவது?

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் பழைய வீடு, கூடம் முழுக்க மொசைக் தரை. போர் தண்ணீர் ஒரே உப்பு. துடைத்துக் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது. பினாயில் வாசனை பட்டாலே மூச்சு வாங்குகிறார். அதனால் ஆறு மாதமாக வீட்டில் பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் கிடையாது.

பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டையை இரவே ஊறவைத்துக் கொதிக்கவைத்த தண்ணீர் போதுமாக இருக்கிறது. பாத்ரூம் குழாயில் படிந்த உப்புக்கு வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்தால் பளிச்சென்று ஆகிறது. சிக்கல் தரையில்தான். மொசைக்கில் இருப்பது சிமெண்டும் சலவைக்கல் துண்டுகளும். எலுமிச்சை, வினிகர் எல்லாம் அதை அரித்து மினுமினுப்பைக் கெடுத்துவிடும். தெரியாமல் ஒரு மூலையில் வினிகர் ஊற்றிவிட்டேன், அந்த இடம் இன்னும் மங்கலாகவே இருக்கிறது. தாத்தா காலத்துத் தரை, மனசு கேட்கவில்லை.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைப் புளிக்கவைத்துச் செய்யும் என்சைம் என்கிற துப்புரவுக் கரைசல் போட்டிருக்கிறேன் (வெல்லம் 1, தோல் 3, தண்ணீர் 10 பங்கு, மூன்று மாதம் ஊற வேண்டும்). அதுவும் புளிப்புதானே, நிறையத் தண்ணீர் கலந்தால் மொசைக்குக்கு ஆகுமா? யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துடைத்தால் வழுக்குமா?

அப்புறம், ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பூந்திக்கொட்டை கிலோ கணக்கில் கிடைக்கும் நாட்டு மருந்துக் கடை தெரிந்தால் சொல்லுங்கள். பொங்கலுக்குள் இந்தத் தரையைச் சரிசெய்துவிட வேண்டும்.