மூன்றாம் வகுப்பில் கொம்பு மாறிப்போகும் பிள்ளைகள்

பள்ளத்தூர் டீச்சர்: ‘எண்ணும் எழுத்தும்’ (அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) வகுப்பு. கற்றல் நிலைப்படி பிரித்த அரும்பு (தொடக்கம்), மொட்டு (நடு), மலர் (மேல்) மூன்றும் ஒரே அறையில். அரும்பில் நாலு பேர் ‘கெ’ எழுதச் சொன்னால் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுகிறார்கள். எப்படித் திருத்துவது?

காரைக்குடிக்காரர்: கவனக்குறைவு இல்லைங்க. காதில் ‘க்’ முதலில், ‘எ’ பிறகு. எழுதும்போது கொம்பு முதலில். கேட்ட வரிசையிலேயே எழுதுகிறார்கள். கொம்புக்குச் சிவப்பு அட்டை, எழுத்துக்கு வெள்ளை அட்டை வெட்டி ஒரு ஓலைக் கொட்டானில் போடுங்கள். அடுக்கி வாசித்த பிறகே பென்சில். கால் முதலில், அப்புறம் ஒற்றைக்கொம்பு. அது படியாமல் இரட்டைக்கொம்பு வேண்டாம். இரண்டு பக்கமும் அணைக்கிற ‘கொ’ கடைசியில். பத்து தடவை எழுதச் சொல்லும் இம்போசிஷனில் தப்புதான் படியும்.

தேவகோட்டை ஐயா: அதுவரை மற்றவர்களுக்கு? சந்தைப் படம் ஒன்றே போதும். மலர் நாலு வரி எழுதட்டும், மொட்டு பெயர் எழுதட்டும், அரும்பு ‘வெங்காயம்’, ‘கெண்டை’ அட்டையைப் படத்தோடு பொருத்தட்டும். அரும்பைக் கடைசி வரிசையில் ஒதுக்காதீர்கள்.

பள்ளத்தூர் டீச்சர்: ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்தால் மட்டும் தப்பா எழுதுறான்.

காரைக்குடிக்காரர்: அப்படியென்றால் முதலில் கண் பரிசோதனை. பார்வை சரியாக இருந்தும் நீடித்தால் வட்டார வள மையத்தில், கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கென இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம், அவன் நோட்டோடு காட்டுங்கள்.