தாத்தா பாட்டி பார்த்த வேலையைக் குடும்ப வரலாற்றில் எப்படி எழுதினீர்கள்?

திருச்சியிலிருந்து

எங்கள் தாத்தாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ரயில்வேல இருந்தார்." அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரின் நகல் ஒன்று வீட்டில் கிடைத்தது. தேதி, பதவி, சம்பளம், அவ்வளவுதான். அதை அப்படியே அட்டவணையாகப் போட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒவ்வொரு பதிவையும் எடுத்து, அந்த வருஷம் பணிமனையில் என்ன நடந்தது என்று தேடினேன்.

அவர் நாகப்பட்டினம் ரயில்வே பணிமனையில் கலாசியாக, அதாவது உதவி வேலையாளாகச் சேர்ந்தவர். அன்றைக்கு அது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. சதர்ன் ரயில்வே உருவானதே 1951 ஏப்ரல் 14 அன்றுதான். எனவே முந்தைய ஆண்டுகளுக்கெல்லாம் பழைய பெயரையே எழுதினேன். சம்பளத்தையும் ரூபாய், அணா கணக்கிலேயே விட்டேன். 1957இல் நயா பைசா வந்த பிறகுள்ள தொகையை மட்டும் புதுக் கணக்கில் எழுதினேன்.

அதிக நேரம் எடுத்தது 1928. ரிஜிஸ்டரில் அந்த ஆண்டு சர்வீஸ் முறிந்திருக்கிறது, காரணம் இல்லை. நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பணிமனை வேலைகளைத் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோக கம்பெனி முடிவெடுத்த சமயம் அது. கூடவே ஆட்குறைப்பு. ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்று நடத்திய தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். தாத்தாவும் வேலைநிறுத்தத்தில் இருந்தார் என்பது பெரிய அத்தையின் நினைவு. காகிதத்தில் அப்படி எதுவும் இல்லை. நான் இப்படி எழுதினேன்: "ஜூலையில் வேலைநிறுத்தம். அதே மாதத்தில் இவருடைய சர்வீஸ் முறிகிறது. இவரும் அதில் கலந்துகொண்டார் என்று மூத்த மகள் சொல்லக் கேட்டது." எது பதிவு, எது வாய்வழி என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பதவி உயர்வுகளை ஒரே பத்தியில் முடித்துவிட்டேன். அவர் ஓய்வு பெறும் கட்டத்தில் எடுத்த முடிவுக்கு ஒரு பக்கம் கொடுத்தேன். 1957 நவம்பரில் ரயில்வேயில் பென்ஷன் திட்டம் வந்தது. பழைய ஆட்கள் பி.எஃப். என்ற சேமநல நிதியிலேயே இருக்கலாம், பென்ஷனுக்கும் மாறலாம். தாத்தா பி.எஃப். பணத்தை மொத்தமாக வாங்கி மனை வாங்கினார். அவர் போன பிறகு பாட்டிக்கு மாதாமாதம் வரும்படி ஏதும் இல்லாமல் போனது. எங்கள் அப்பா பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியது ஏன் என்பது எனக்கு அந்தப் பக்கத்தை எழுதும்போதுதான் விளங்கியது.

கோத்தகிரியிலிருந்து

அக்கா, உங்களிடம் ரிஜிஸ்டராவது இருந்தது. எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்ற 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வந்த குடும்பம். ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. கையில் இருந்த ஒரே காகிதம் குடும்ப அட்டை. அதில் தாத்தாவின் தொழில் இருக்கிறது; அம்மாயி வெறும் "மனைவி". தோட்டத்துச் செக்ரோலில் (கூலிப் பதிவேட்டில்) அவருக்குத் தனிப் பேர் இருந்தது, தனிச் சம்பளம் இருந்தது. இங்கே வந்ததும் காகிதத்தில் அது காணாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

அதனால் அவருடைய ஒரு நாளை எழுதினேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போவது, மேற்பார்வை பார்க்கும் கங்காணி அன்றைக்குக் கொழுந்து எடுக்க வேண்டிய மலையைப் பிரித்துக் கொடுப்பது, கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது. சொன்ன எடை வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டுப் போனதையும் சேர்த்தேன். "தேயிலைத் தோட்டத் தொழிலாளி" என்று எழுதியிருந்தால் இதில் ஒன்றுகூட வந்திருக்காது. பிறகு டேன்டீயில் (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தில்) வேலை பார்த்த காலத்தைத் தனியாக எழுதினேன், ஏனென்றால் அங்கே அவருக்கு மறுபடியும் சொந்தப் பெயரில் சம்பளம் வந்தது. தலைப்பில் ஊர் பெயர், தோட்டத்துப் பெயர், அம்மாயி பெயர். தாத்தா இரண்டாம் அத்தியாயத்தில்தான் வருகிறார். மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம். நான் மாற்றவில்லை.

பெங்களூரிலிருந்து (சொந்த ஊர் கோலார் தங்கவயல்)

எங்கள் தாத்தா தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் ஆள். அவர் இறங்கியது ஒரே சுரங்கத்தில், ஆனால் முதலாளி மாறிக்கொண்டே இருந்தார். முதலில் ஜான் டெய்லர் கம்பெனி, 1956இல் மைசூர் அரசு, 1962இல் மத்திய அரசு, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ். நாலு வேலை பார்த்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, சுரங்கத்தின் பெயரை மேலே வைத்து முதலாளிகளை அதன் கீழே வரிசையாகக் கொடுத்தேன்.

எனக்கு இன்னும் முடிவாகாத விஷயம் ஒன்று உண்டு. பாறை தூசியால் கடைசியில் தாத்தாவுக்கு நெஞ்சு போய்விட்டது. வீட்டில் எல்லோரும் "ஆஸ்துமா" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அது வேலையால் வந்த நோய், வேலைப் பகுதியில்தான் வர வேண்டும் என்பது என் எண்ணம். சித்தப்பா அதை இறப்புப் பகுதியில் போடச் சொல்கிறார். மருத்துவச் சான்று எதுவும் கையில் இல்லை. திருச்சி அக்கா செய்த மாதிரி, அவர் சுரங்கத்தில் இறங்கிய ஆண்டுகளையும் இருமல் தொடங்கிய ஆண்டையும் அடுத்தடுத்து எழுதி, "குடும்பத்தார் சொன்னது" என்று குறிப்பிடலாமா? சுரங்கத்திலோ கல் குவாரியிலோ வேலை பார்த்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் இருந்தால், நீங்கள் எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.