தலைவர்கள் கைதட்டினால் ஐடிஐ-க்கு மதிப்பு வந்துவிடுமா?

பேட்டை ஃபிட்டர்:
2025 அக்டோபர் 4 அன்று டெல்லியில் பிரதமர், ஐடிஐ-யில் (தொழிற்பயிற்சி நிலையம்) முதலிடம் வாங்கிய பிள்ளைகளை மேடையேற்றிப் பாராட்டினார். 1000 அரசு ஐடிஐ-களைச் சீரமைக்க 60,000 கோடி ரூபாய்த் திட்டமும் அன்றுதான் தொடங்கியது. நான் நெல்லை பேட்டை ஐடிஐ-யில் படித்தவன். நம்ம ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் பி.ஏ. என்று போடுவான், ஐடிஐ என்று போட மாட்டான். நாட்டுத் தலைவர் திரும்பிப் பார்த்தால்தான் நம்ம அப்பன் ஆத்தாளும் திரும்பிப் பார்ப்பார்கள். இது என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

களக்காட்டான்:
விழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள் அண்ணாச்சி. தலைவர்கள் கைத்தொழில் என்று வாயைத் திறந்தாலே எங்க தாத்தா தலைமுறைக்கு அடிவயிறு கலங்கும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம், மீதிப் பொழுதுக்கு வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954-இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். பிறகு நம்ம எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியதும் அவர்தான். சோறு போட்டுப் படிக்கக் கூப்பிட்டார், உளியைக் கொடுக்கவில்லை.

பேட்டை ஃபிட்டர்:
அதே காமராஜர் காலத்தில்தான் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. அங்கே லேத் ஓட்டியது யார் வே? பேட்டையில் என்னோடு படித்த ஒருத்தனுக்கும் அப்பா ஃபிட்டர் கிடையாது. வயக்காட்டு வேலை, பீடிக்கடை, பால் வியாபாரம். குலத்தொழிலை விட்டு வெளியே வரத்தான் ஐடிஐ-க்கு வந்தோம். பத்தாவது முடித்து இரண்டு வருஷம் படித்துவிட்டு, தமிழ், ஆங்கிலத் தாள் எழுதினால் பிளஸ் டூ-வுக்குச் சமம். பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேரலாம். இதில் எந்தக் கதவு அடைத்திருக்கிறது?

சார்வாள்:
இரண்டு பேரும் பணத்தையும் அரசியலையும் பேசுகிறீர்கள். பிள்ளைகளுக்கென்று ஓர் அமைப்பு வேண்டாமா? அமெரிக்காவில் 1965-இல் தொடங்கிய ஸ்கில்ஸ்யுஎஸ்ஏ இருக்கிறது. வெல்டிங், மெக்கானிக் படிக்கிற மாணவர்களே பொறுப்பாளர்களாக நின்று நடத்துகிறார்கள், தேசியப் போட்டி வரை போகிறார்கள். விவசாயம் படிப்பவர்களுக்கு 1928 முதல் எஃப்எஃப்ஏ. ஜிம்மி கார்ட்டர் பள்ளிப் பருவத்தில் அதில் இருந்தவர். அங்கிருந்து ஒருவர் ஜனாதிபதி ஆகும்போது யாரும் யாரையும் கைதட்டச் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடம் இந்தியா ஸ்கில்ஸ் போட்டி இருக்கிறது. 2019-இல் கசான் நகரில் நடந்த உலகத் திறன் போட்டியில் தண்ணீர்த் தொழில்நுட்பத்தில் இந்தியாவுக்குத் தங்கம். வென்றவர் பேரை இங்கே ஒருத்தர் சொல்லுங்கள் பார்ப்போம். செஸ் என்றால் சொல்லியிருப்பீர்கள்.

கங்கைகொண்டான் ஷிஃப்ட்:
சங்கம் அப்புறம் வைக்கலாம் சார்வாள். மாநில அரசும் டாடா டெக்னாலஜிஸும் சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களில் 2,877 கோடிக்கு ரோபோ, சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷின்) எல்லாம் இறக்கின. 2025 பிப்ரவரியில் கங்கைகொண்டானில் டாடா பவர் சோலார் ஆலையை முதல்வர் திறந்தார், அங்கே பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான் வேலை பார்க்கிறார்கள். இதை நான் குறை சொல்ல மாட்டேன். என் வயிற்றெரிச்சல் அப்ரண்டிஸ், அதாவது கம்பெனியில் வேலை பழகுகிற காலம். சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. நான் இருந்த கம்பெனியில் (பேர் வேண்டாம்) அட்டைப்பெட்டி அடுக்கியே காலம் போச்சு. சர்டிஃபிகேட்டில் எலக்ட்ரீஷியன்! அதைக் கேட்க எந்தத் தலைவரும் வரவில்லை.

பத்தமடைக்காரி:
எங்க வீட்டில் பட்டுப்பாய் நெசவு. கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தியால் நூல் மாதிரிக் கீறி எடுக்கணும். அம்மா கைக்கு வருகிற மெல்லிசு எனக்கு இன்னும் வரவில்லை. 2023-இல் மத்திய அரசு கைவினைஞர்களுக்குக் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் பாய் முடைபவர்களுக்கும் இடம் உண்டு, 5 சதவீத வட்டியில் கடன். குடும்பத் தொழிலாக இருக்கணும் என்கிற நிபந்தனையை எடுக்கச் சொல்லி நம்ம அரசு கேட்டது, நடக்கவில்லை, அதனால் இங்கே அமல் இல்லை. பதிலுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. அதற்கு 35 வயது ஆகணும். எனக்கு 26.

களக்காட்டான்:
தங்கச்சி, அந்த 35-க்குக் காரணம் இருக்கு. பதினெட்டு வயசில் கடன் கொடுத்துத் தறியில் உட்கார வைத்தால் காலேஜுக்கு யார் போவா?

பத்தமடைக்காரி:
பி.காம். முடித்துவிட்டுத்தான் அண்ணாச்சி தறியில் உட்கார்ந்தேன். என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பீங்க?

களக்காட்டான்:
அது நியாயமான கேள்விதான். இருந்தாலும் ஒருத்தருக்காக அந்த நிபந்தனையைத் தளர்த்தினால் பதினெட்டு வயசுப் பிள்ளைகள் பத்து பேர் மாட்டிக்கொள்வார்கள். சரி, பேட்டை அண்ணாச்சி, ஒன்று கேட்கலாமா? உங்க மகன் எந்த ஐடிஐ?

பேட்டை ஃபிட்டர்:
இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மகன் இன்ஜினியரிங். ஃபீஸ் கட்டுவது ஃபிட்டர் சம்பளம். இரும்புத் துண்டை வைஸில் கட்டி அரம் போட்டு, ட்ரைஸ்கொயரை (மூலைமட்டம்) வைத்து வெளிச்சத்தில் பிடிக்கணும். கீற்று வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் அரம். அவன் லீவில் வந்தபோது என் பட்டறையில் கொடுத்துப் பார்த்தேன், மத்தியானத்துக்குள் கை கொப்பளித்துவிட்டது. அவன் காலேஜிலும் ஒர்க்‌ஷாப் உண்டாம்!

சார்வாள்:
பத்தமடைப் பிள்ளை, மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி பற்றிக் கேளம்மா, சொந்தத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோடு கடன் தருகிற திட்டம். அதற்கு 18 வயது முடிந்தால் போதும், குலம் கோத்திரம் கேட்க மாட்டார்கள். திட்ட அறிக்கை எழுத ஆள் வேண்டுமென்றால் இங்கேயே சொல்லு, பி.காம். படித்தவளுக்குப் பாதி வேலை நீயே முடித்துவிடுவாய்.